செவாங்: பேராக் மலைகளின் பாட்டும் நாம் அறியாத அண்டை மக்களும்

பேராக் மாநிலத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வாயில்களில் ஒன்றின் வழியாகவே உள்ளே நுழைகின்றனர். ஒன்று, 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. மற்றொன்று, 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட இரப்பர்க் கன்றுகள். முதல் வாயிலில் பெருமிதம் இருக்கிறது. இரண்டாவதில் கண்ணீர் இருக்கிறது. இரண்டு வாயில்களிலும் நின்று பார்த்தால் தென்படாத மக்கள் ஒரு சாரார் உளர். நம் முன்னோர் பால் வெட்டிய நிரைகள் எங்கே முடிந்தனவோ அங்கே அவர்களின் காடு தொடங்கியது. நூறாண்டுக்கு மேலாக அண்டை வீட்டாராய் இருந்தும் அவர்களுடைய மொழியில் ஒரு சொல்லைக்கூட நாம் கற்றோமில்லை. அவர்களைப் பற்றியும், அவர்களுடைய இரவு விழாவாகிய செவாங் பற்றியும், அதனைக் காண மலையேறிய பயணம் பற்றியுமே இவ்வுரையில் பேச எண்ணுகிறோம்.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளை ஓராங் அஸ்லி என்னும் பொதுப்பெயரால் அழைக்கிறோம். மலாய் மொழியில் அதற்கு ஆதி மக்கள் என்பது பொருள். அரசு அவர்களை நெகிரித்தோ, செனோய், ஆதி மலாயர் என மூன்று பெரும் பிரிவுகளாகவும் 18 குழுக்களாகவும் வகுத்துள்ளது. மொத்தம் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். நாட்டு மக்கள் தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பேராக்கில் பெருந்தொகையாக வாழ்வோர் செனோய்ப் பிரிவைச் சார்ந்த செமாய் மக்களும் தெமியார் மக்களும் ஆவர். தாப்பா, பீடோர், கம்பார், கோப்பெங் ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே உள்ள மலையடிவாரங்கள் செமாய் மக்களுக்கு உரியவை. சுங்கை சிப்புட்டிலிருந்து வடக்கே கிரிக் வரை விரியும் உள்மலைகள் தெமியார் நாடு. இன்னும் வடக்கில் லானோ, ஜஹாய் முதலிய சிறு குழுக்கள் உள்ளன.

ஓராங் அஸ்லி என்பது 1960களில் நிலைபெற்ற பெயர். அதற்கு முன் வழங்கிய பெயர் 'சக்காய்'. அடிமை, ஏவலாள் என்னும் இழிபொருள் ஏறிய சொல் அது. நம் தோட்டத்து மூத்தோர் பேச்சிலும் அச்சொல் இருந்தது. அடம் பிடிக்கும் பிள்ளையை அதட்டுவதற்கும் தலைவாராதவனைக் கேலி செய்வதற்கும் அதனைக் கையாண்டனர். 'கூலி' என்று தம்மை அழைத்ததற்குக் கொதித்த அதே வாய்கள்தாம் இச்சொல்லைத் தயக்கமின்றி உச்சரித்தன.

மொழி வளர்ப்பதற்கென அமைந்த அவையில் பேசுவதால், மொழியைப் பற்றி முதலில் சிறிது கூற வேண்டும். செமாய், தெமியார் மொழிகள் மலாய் மொழியின் கிளைகளல்ல. அவை ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தின் அஸ்லியக் கிளையைச் சார்ந்தவை. கம்போடியரின் கெமர் மொழி, பர்மியக் கரையின் மோன் மொழி, வியட்நாமிய மொழி, நிக்கோபார்த் தீவு மொழிகள், இந்தியாவின் சந்தாளி, முண்டாரி ஆகியவை அனைத்தும் இதே குடும்பத்தின. செருமானிய நாட்டில் பிறந்த வில்ஹெல்ம் ஷ்மித் என்னும் பாதிரியார் 1906இல் இவ்வுறவை விரித்து எழுதினார். அதே ஆண்டில் ஸ்கீட், பிளாக்டன் ஆகிய இருவர் மலாய்த் தீபகற்பப் பூர்வகுடிகளைப் பற்றிய பெருநூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். அதில் ஒப்பீட்டுச் சொற்பட்டியும் இடம்பெற்றது. செமாய் மொழியில் கண்ணுக்கு 'மத்' என்று பெயர், முண்டாரியில் 'மெத்'. செமாய் மொழியில் மூக்கு 'மூ' என்ற ஒலியோடு தொடங்குகிறது, முண்டாரியிலும் அவ்வாறே. உடனே 'மூக்கு' என்னும் நம் சொல்லையும் இழுத்து வந்து இவ்வரிசையில் அமர்த்தும் ஆர்வம் நம்மவர் சிலருக்கு எழக்கூடும். அருள்கூர்ந்து அதனை அடக்கிக்கொள்ள வேண்டுகிறோம். ஓரொலி ஒத்துப்போவதால் உறவு நிறுவப்படுவதில்லை. ஆயினும், வங்கக் கடலுக்கு மேற்கே சோட்டா நாகபுரி மேட்டில் வாழும் ஒரு மக்களுக்கும் ஈப்போவுக்குக் கிழக்கே வாழும் ஒரு மக்களுக்கும் மொழியால் உறவுண்டு என்பதும், அவ்வுறவு எந்தப் பேரரசின் கப்பலும் இக்கடலைக் கடப்பதற்கு முந்தியது என்பதும் நம் கடாரப் பெருமிதத்தைச் சற்றே அளவோடு வைத்துக்கொள்ள உதவும்.

இந்நிலத்தின் தொன்மைக்கு வேறு சான்றுகளும் உள்ளன. ஈப்போ நகரை ஒட்டிய தம்புனில் சுண்ணாம்புக் குன்றின் முகப்பில் செந்நிறக் கனிமத்தால் தீட்டிய விலங்கு உருவங்களும் மனித உருவங்களும் 1959இல் கண்டறியப்பட்டன. லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1991இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது; அப்பள்ளத்தாக்கை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தம்புன் ஓவியங்களை வரைந்தவர்கள் இன்றைய செமாய் மக்களின் நேர் முன்னோர்தாம் என்று சாதிக்க நாம் முன்வரவில்லை. மனிதர் இங்கே நெடுங்காலமாய் வாழ்ந்தனர் என்பது மட்டும் உறுதி.

எழுத்து வரலாற்றில் அம்மக்கள் முதலில் தோன்றுவது வேட்டையாடப்படுவோராகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் மலைக் குடியிருப்புகளைத் தாக்கிச் சிறுவரையும் பெண்டிரையும் கவர்ந்து சென்றனர். ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1880களின் தொடக்கத்தில், அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை ஊன்றியவரும் அதே ஹியூ லோதான். ஒரே மனிதரின் ஆட்சியில் மலைவாழ் மக்கள் ஒரு கொடுமையினின்று சட்டத்தால் விடுபட்டனர். பின்னாளில் அவர்களின் அடிவாரக் காடுகளை விழுங்கப்போகும் மரமும் ஊன்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏற ஏற, சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டிக் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். இப்பகுதி நமக்கு நன்கு தெரிந்த கதை, ஆகையால் விரிக்கவில்லை. தெரியாத பகுதி இதுதான்: நாம் வந்து இறங்கிய நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. நெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, சில ஆண்டுகள் விளைந்த பின் நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்து, அடுத்த மேட்டுக்கு நகர்ந்து, மீண்டும் அதே இடத்துக்கு வரும் உழவு முறை அங்கே நடந்துகொண்டிருந்தது. நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று அளவையாளர் எழுதிக்கொண்ட ஆண்டுகள், உண்மையில் அது இளைப்பாறிய ஆண்டுகள்.

தெமியார் மக்களிடையே தங்கி அவர்களை ஊன்றி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் எச். டி. நூன். பாட் நூன் என்பது அவரது அழைப்புப் பெயர். கேம்பிரிட்ஜில் பயின்ற இவ்விளைஞர் 1931இல் தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தில் கள இனவரைவியலாளராகப் பணியில் சேர்ந்தார். தெமியார்ப் பெண் ஒருவரை மணந்தார். பேராக், கிளந்தான் ஆறுகளின் நீர்பிரி மேட்டில் உள்ள குடியிருப்புகளைப் பற்றி 1936இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு பள்ளத்தாக்குக் குழுவினர்க்கும் வழிவழி உரிமையுள்ள நிலப்பரப்பு உண்டென்பதை ஆட்சியாளர்க்கு எடுத்துரைத்தவர் அவர். 1939இல் பேராக் அரசு இயற்றிய பூர்வகுடிகள் சட்டத்தில் அவர் முயற்சியின் சாயல் உண்டு. சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே ஜப்பானியர் வந்துவிட்டனர். நூன் காட்டுக்குள் மறைந்தார். 1943இல் அங்கேயே கொல்லப்பட்டார். சமவெளித் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்கு அனுப்பப்பட்ட அதே காலத்தில், மலைமேல் தெமியாரும் செமாயும் ஜப்பானியரை எதிர்த்த கொரில்லாக்களுக்கு உணவும் ஒளிவிடமும் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

போர் முடிந்ததும் அமைதி வரவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அடுத்திருந்த மற்றொரு தோட்டத்திலும் ஆங்கிலேயத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்: முள்வேலி, அரிசிப் பங்கீடு, சோதனைச் சாவடி. மலைப்பக்கத்துக் கதை இதனினும் கொடியது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க வேண்டி, மலைவாழ் மக்களைக் கூட்டங்கூட்டமாகச் சமவெளிக்குக் கொண்டுவந்து வேலிக்குள் வைத்தனர். குளிர்ந்த மலைக்காற்றுக்குப் பழகியவர்கள் வெம்மையிலும் நோயிலும் மனமுறிவிலும் மாண்டனர். பிழை உணர்ந்த அரசு பின்னர் முறையை மாற்றிக் காட்டுக்குள்ளேயே கோட்டைகளை அமைத்து அங்கே மருந்தும் கடையும் வைத்தது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இன்று போஸ் லெகாப் என வழங்கும் இடம் அக்காலத்து லெகாப் கோட்டையே. 1954இல் கூட்டாட்சி முழுமைக்குமான பூர்வகுடிகள் சட்டம் வந்தது. 1950களின் பிற்பகுதியில் செனோய் பிராக் என்னும் படைப்பிரிவு உருவானது. செமாய் மக்களைப் பூசலை வெறுக்கும் மக்கள் என்று மானிடவியலார் ராபர்ட் டெண்டன் 1968இல் எழுதிய நூல் உலகறிந்தது. அவ்வினத்து இளைஞர்களைக் கொண்டே ஒரு போர்ப்படையை அமைத்தது அவசரகாலத்தின் முரண்களுள் ஒன்று.

இனி, பயணத்துக்கு வருவோம். சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வழியாகப் பெலுஸ் ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லும் பாதை அது. முறையான ஒப்புதலும் ஊர்த்தலைவரின் அழைப்பும் பெற்ற பின்னரே புறப்பட்டோம். சாலையின் இருபுறமும் முன்னாள் இரப்பர்த் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தைக் காட்டுவன பழைய மாமரங்களும், கோபுரம் மங்கிய ஒரு மாரியம்மன் கோயிலும், இருபுறமும் புல் மூடிய சிமெண்டுக் கால்வாயுமே. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் எங்களுடன் வந்தார். சிறுவயதில் மலையிலிருந்து இறங்கிவரும் பூர்வகுடியினர் பெத்தாயும் பிரம்பும் கொண்டுவந்து கொடுத்து உப்பும் புகையிலையும் வாங்கிச் சென்றதை நினைவுகூர்ந்தார். 'பெயர் கேட்டதில்லையா?' என்றோம். 'கேட்கத் தோன்றியதில்லை' என்றார்.

தார்ச்சாலை முடிந்ததும் வெட்டுமர லாரிகள் உழுத செம்மண் தடம். நான்கு சக்கர இயக்க வண்டியன்றி வேறெதுவும் ஏறாது. இரு பாலங்களில் இறங்கி நடந்தோம். மாலை சாயும் நேரத்தில் ஊர் தென்பட்டது. மூங்கில் சுவர், ஓலைக் கூரை, தரையினின்று உயர்ந்த வீடுகள். அவற்றிடையே அரசு கட்டித் தந்த பலகை வீடுகளும் தகரக் கூரைகளும். செவாங் நடக்கவிருந்த வீடு பெரியது. பிளந்த மூங்கில்களை நெருக்கி வேய்ந்த தளம், காலடியில் நெகிழ்ந்து எழுந்தது. அந்நெகிழ்ச்சி வீடு கட்டியவரின் குறைபாடன்று என்பது நள்ளிரவில்தான் விளங்கியது. ஆடுவோர் மிதிக்க மிதிக்கத் தளம் முழுதும் ஒரு பெரிய தோற்கருவிபோல் அதிர்ந்து அவர்களை மேலே எழுப்பியது.

செவாங் என்பது மலாய் வழக்கில் நிலைபெற்ற பொதுச்சொல். அறுவடை முடிந்தபோதும், நோய் நீக்க வேண்டியும், விருந்தினரை வரவேற்கவும், இறந்தவர்க்கான துக்கக் காலத்தை முடித்து வைக்கவும் அது நிகழ்கிறது. நாங்கள் கண்டது அறுவடையை ஒட்டியது. வீட்டின் நடுவே நறுமண இலைகளையும் பூக்களையும் கோத்துத் தொங்கவிட்டிருந்தனர். ஆடவரும் பெண்டிரும் ஓலையால் பின்னிய தலைமாலை அணிந்திருந்தனர். சுவரோரம் பெண்டிர் வரிசையாக அமர்ந்தனர்; அவர்கள் முன் நீண்ட மரக்கட்டை ஒன்று கிடந்தது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூங்கிற் குழாய்கள். ஒன்று நெடியது, மற்றொன்று குறியது. ஆணும் பெண்ணுமான இணை என்றனர். அவற்றைக் கட்டையின்மேல் மாறிமாறிக் குத்த, தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் எழுந்தன. விளக்கைத் தணித்தனர். ஒருவர் ஓரடி பாடினார். அவர் முடிக்கு முன்பே பெண்டிர் அதனை ஏற்றுப் பாடினர். அடியும் எதிரடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சென்றன. இளைஞர்கள் இலைக்கொத்தை ஏந்தி வட்டமாக ஆடினர். சிலர் தம் நினைவிழந்து சாய்ந்தனர். பெரியவர் ஒருவர் அவர்களைத் தாங்கிக் குளிர்ந்த நீர் தெளித்தார். குழந்தைகள் அவ்வளவு ஒலியிலும் தாய்மாரின் முதுகுப்புறத்தில் படுத்து உறங்கின.

அந்தப் பாட்டை இயற்றியவர் யார் என்று எங்கள் அருகில் இருந்த இளைஞரிடம் மலாய் மொழியில் கேட்டோம். பாடியவர் இயற்றவில்லை என்றார் அவர். கனவில் ஒரு மலை கொடுத்தது. தெமியார் மக்களின் நம்பிக்கையில் இதுவே மையம். உறக்கத்தில் மனிதரின் தலையுயிர் வெளியே உலவுகிறது. ஆற்றின், மலையின், பழமரத்தின், புலியின் உயிரைச் சந்திக்கிறது. அவ்வுயிர் உறவு பூண்டு அவனுக்கு ஒரு பாட்டைக் கொடுக்கிறது. பாட்டை அவர்கள் குறிக்கும் சொல்லுக்குப் பாதை என்பது பொருள். நோயுற்றவனின் உயிர் வழிதவறிப் போயிருந்தால் அப்பாதையில்தான் அதனைத் திரும்ப அழைத்து வருதல் வேண்டும். அமெரிக்க இசையியலாளர் மரீனா ரோஸ்மன் தெமியாரிடையே தங்கி 1991இல் வெளியிட்ட நூல் இதனை நுணுக்கமாக விளக்குகிறது. ஒரு பள்ளத்தாக்கில் எந்தெந்தப் பாட்டு யாருக்கு எந்த மலையால் கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அவ்வட்டாரத்தின் நிலப்படமே பாட்டாக மனத்தில் இருக்கும்.

இக்கனவு வழக்கத்தைப் பற்றிப் பொய்யும் நிரம்பப் பரவியது. கில்ட்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர் 1930களில் நூனுடன் மலையேறியவர். 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். செனோய் மக்கள் நாள்தோறும் காலையில் குடும்பமாய் அமர்ந்து கனவுகளை அலசி ஆராய்ந்து, கனவைத் தம் விருப்பப்படி நடத்தப் பிள்ளைகளைப் பழக்குகின்றனர் என்றார். 1960களில் அமெரிக்காவில் அது பெரும் பரபரப்பாகி, கனவுப் பயிற்சி வகுப்புகளாய் விற்பனையாயிற்று. பின்னர் அதே மக்களிடையே வாழ்ந்த ஆய்வாளர்கள் அத்தகைய வழக்கம் எதனையும் காணவில்லை. 1985இல் டாம்ஹாப் எழுதிய நூல் இக்கட்டுக்கதை எவ்வாறு வளர்ந்தது என்பதை வெளிப்படுத்தியது. காட்டு மக்களை இழிவாக எழுதுவது ஒரு வகைத் தீங்கு என்றால், தம் நாட்டு மனக்குறைகளுக்கு மருந்தாக அவர்களைக் கற்பனை செய்துகொள்வது மற்றொரு வகைத் தீங்கு. இரண்டாவது புகழ்ச்சி போல் தோன்றுவதால் யாரும் அதனைக் கண்டிப்பதில்லை.

அன்றிரவு எங்களுள் பலருக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள் நினைவுக்கு வந்தன. உடுக்கையும் பம்பையும் ஒலிக்க, முனியாண்டி கோயில் முன் ஒருவர் மேல் சாமி இறங்கும். ஊரார் குறி கேட்பர். ஒப்புமை உண்டு, ஆனால் அது ஒரு நிலை வரையில்தான். நம் சாமியாடி ஊருக்குச் சொல்லுகிறார், ஊர் கேட்கிறது. செவாங்கில் பெண்டிரின் எதிர்ப்பாட்டு இல்லையேல் பாடுபவருக்குப் பாதையே இல்லை. ஆணைவிடும் குரல் அங்கே எங்கும் எழவில்லை.

சுற்றுலா விடுதிகளிலும் அரசு விழாக்களிலும் காட்டப்படும் செவாங்கும் உண்டு. மேடை, ஒலிபெருக்கி, சில நிமிட நேரம். அதனை முற்றாக இழித்துரைக்க நமக்கு மனமில்லை; அதனால் சிலருக்கு வருவாய் கிடைக்கிறது, இளைஞர் சிலர் பாட்டை மறவாதிருக்கின்றனர். ஆனால் ஒளிமிகு மேடையில் உயிர் எதுவும் இறங்கி வராது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இரவு, இருள், நெகிழும் தளம், சுற்றத்தார் ஆகிய நான்கும் கூடினால்தான் அது செவாங்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு: பாட்டைக் கொடுத்த மலை. 1970களில் தெமெங்கோர் அணை எழுந்தபோது ஹுலு பேராக்கில் தெமியார், ஜஹாய் மக்களின் ஆற்றோர ஊர்கள் நீரில் மூழ்கின. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளுக்கென நிலத்தை ஒதுக்க வழிசெய்ததே தவிர உடைமைப் பட்டா வழங்கவில்லை. நீதிமன்றங்கள் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது 1990களில்தான். ஜொகூரில் அடோங் வழக்கும், சிலாங்கூரில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சாகோங் வழக்கும் அவ்வகையில் எல்லைக்கற்கள். 2019இல் கிரிக் வட்டாரத்துத் தெமியார் ஊரொன்றில் மரவெட்டைத் தடுக்க மக்கள் எழுப்பிய தடுப்பு அகற்றப்பட்ட செய்தியை நாளிதழ்களில் படித்தோம். படித்தபோது, தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும் மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைவிட்டு வெளியேறிய நம் குடும்பங்களே நினைவுக்கு வந்தன. அவர்களுக்கும் பட்டா இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் இழந்த லயம் நிற்பதற்கு முன் அங்கே வேறொருவரின் இளைப்பாறும் நிலம் இருந்தது. நம் துயரைச் சொல்லும்போது அத்துயர் நின்ற மண்ணின் முந்தைய உரிமையாளரை விட்டுவிட்டு எழுதிய வரலாறுகளே நம் நூலகங்களில் மிகுதி.

செமாய், தெமியார் மொழிகளின் நிலை நம்மைப் போன்ற மொழி அமைப்பினர்க்குக் கவலை தருவது. வானொலியில் 1959 முதல் பூர்வகுடி மொழிகளில் ஒலிபரப்பு நடக்கிறது. சில தொடக்கப் பள்ளிகளில் செமாய் மொழி பாடமாகியுள்ளது. அதற்கப்பால் பெரிதும் ஒன்றுமில்லை. தமிழ்ப்பள்ளியைக் காக்க நூறாண்டாய்ப் போராடிய சமூகத்தாருக்கு ஒரு மொழி வகுப்பறைக்குள் நுழைவதன் அருமை தெரியும். இருந்தும், செமாய் அல்லது தெமியார் சொற்கள் சிலவற்றையேனும் தமிழ்ப் பொருளோடு தரும் சிறுநூல் ஒன்று இன்றளவும் நம் கைக்கு எட்டவில்லை. அதனைத் தொகுக்கும் பணியை ஈப்போவில் உள்ள நண்பர் சிலருடன் தொடங்கியுள்ளோம். உடலுறுப்பு, உறவுமுறை, மரம், நீர் எனச் சிறிது சிறிதாகச் சேர்ந்து வருகிறது. எழுத்துமுறையில் இடர் உண்டு. தெமியாரின் உயிரொலிகள் சிலவற்றுக்குத் தமிழ் நெடுங்கணக்கில் இடமில்லை. எழுத்தை வளைப்பதா, குறியைக் கூட்டுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

சொற்களைச் சரிபார்க்க வேண்டி மறுமுறை அதே ஊருக்குச் செல்ல நாள் குறித்தோம். புறப்படுவதற்கு முன் அந்த இளைஞரிடமிருந்து செய்தி வந்தது. ஊரில் ஒரு மூதாட்டி இறந்துவிட்டார். முதல் பயணத்தின் இரவில் வரிசையின் முன்னிடத்தில் அமர்ந்து மூங்கில் குத்தியவர். துக்கம் முடியும்வரை ஊரில் பாட்டில்லை, ஆட்டமில்லை; மூங்கிற் குழாய்களைக் கூரையில் செருகிவிட்டனர். சொற்களைக் கேட்க வரலாம் என்றும், துக்கத்தை முடிக்கும் செவாங் எப்போது என்று ஊரார் கூடி முடிவு செய்த பின்னர்த் தெரிவிப்பதாகவும் அவர் சொன்னார்.